ரெக்கார்டு நோட்டுக்குப் புது அட்டை போட்டால் போதுமா?

தமிழ்நாட்டில் அறிவியலோ பொறியியலோ படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சீனியரிடம் நோட்டு வாங்குவது, அவர் எழுதிய அளவீட்டையே பார்த்து எழுதுவது, கையெழுத்துக்காக ஸ்டாஃப் ரூம் வாசலில் காத்து நிற்பது. மாணவர் தன் கையால் என்ன செய்து பார்த்தார், எங்கே பிசகியது, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார் என்று பதிவு செய்வதற்காகத்தான் அந்த நோட்டு வந்தது. இன்று அதில் எல்லாம் இருக்கிறது, அந்த மாணவரைத் தவிர.

இப்போது உயர்கல்வியில் புதிதாக ஒரு சொல் புழங்குகிறது: டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ. படிக்கும் காலம் முழுக்க ஒரு மாணவர் உருவாக்கும் கட்டுரை, வரைபடம், கணினி நிரல், ஆவணப்படம், கள ஆய்வு எல்லாவற்றையும், அவற்றின் முதல் வரைவுகளோடும் தன் குறிப்புகளோடும் ஓர் இணையப் பக்கத்தில் சேர்த்து வைப்பது. கட்டடக்கலையிலும் வடிவமைப்பிலும் இது பழைய வழக்கம். கணினி படிப்பவர்கள் தங்கள் நிரல்களை கிட்ஹப்பில் போட்டு வைக்கிறார்கள். இனி எல்லாத் துறை மாணவர்களும் இப்படி ஒரு தொகுப்பு வைத்திருக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் தர வேண்டும், அப்போதுதான் படைப்பாற்றல் வளரும் என்கிறார்கள்.

நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சாதி ஊறிய ஒரு கல்வி அமைப்பில் மதிப்பிடும் முறை மாறும்போதெல்லாம், யாருக்கு வாசல் திறக்கிறது, யாருக்குப் பின்வாசலும் மூடப்படுகிறது என்று கேட்பது நம் வேலை.

வினாத்தாள் கேட்காத கேள்விகள்

முதலில், ஏன் வரவேற்கிறோம்?

1855-இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் முக்தா சால்வே. தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மாங் சமூகத்தில் பிறந்த சிறுமி. புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாயும் நடத்திய பள்ளியின் மாணவி. மாங், மகர் மக்களின் துயரத்தைப் பேசிய அந்தக் கட்டுரை, வேதத்தைத் தொடவே உரிமையில்லாத எங்களுக்கு மதம் என்று எது இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பியது.

1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். சாதியைப் பற்றி அதுவரை எழுதிய அறிஞர்களின் விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே போதவில்லை என்று காட்டி, அகமணமுறைதான் சாதியின் அச்சு என்று நிறுவினார். அந்த மாணவர் அம்பேத்கர். அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சான அந்த வகுப்பறைக் கட்டுரையை நூறு ஆண்டுகள் கடந்தும் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இவை இரண்டும் மாணவர்களின் ஆக்கங்கள். இரண்டிலும் கேள்வியைக் கேட்டவர் மாணவரே. படைப்பாற்றல் என்று நாம் சொல்வது இதைத்தான். வண்ண வண்ண ஸ்லைடு போடுவது அல்ல, தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, தான் கற்ற அறிவை அதன்மேல் செலுத்துவது. நம் பருவத் தேர்வுகளில் அதற்கு இடமில்லை. இரண்டு மதிப்பெண் வினா, பதினாறு மதிப்பெண் வினா, கைடு புத்தகம், முந்தைய ஐந்தாண்டு வினாத்தாள். கேட்பது பல்கலைக்கழகம், ஒப்பிப்பது மாணவர்.

இன்னொரு காரணமும் உண்டு. சாதி வெறும் வேலைப் பிரிவினைதான் என்று நியாயப்படுத்தியவர்களுக்கு, அது வேலை செய்யும் மனிதர்களையே கூறு போடுகிறது என்று அம்பேத்கர் பதில் சொன்னார். அந்தக் கூறுபோடலில் கையால் செய்வது இழிவு, வாயால் ஓதுவது உயர்வு என்றானது. தோலைப் பதப்படுத்தியவர்களின் வேதியியலும், மண்ணைக் குழைத்தவர்களின் பொருளறிவியலும் 'குலத்தொழில்' என்ற ஒரே சொல்லில் புதைக்கப்பட்டன. மனப்பாடத் தேர்வு அந்த ஓதும் மரபின் வாரிசு. செய்ததைக் காட்டு, செய்த விதத்தைச் சொல் என்று கேட்கும் ஒரு முறை, அந்த மரபில் ஓர் உடைப்பை உண்டாக்க முடியும்.

அரசியல் நேர்மையும் இதையே கோருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்த அனிதாவை, நீட் என்ற ஒற்றைத் தேர்வு தகுதியற்றவர் என்றது. 2017-இல் அவரை இழந்தபோது, சில மணி நேரத் தேர்வு ஒரு மனிதரை அளந்துவிடாது என்று தெருவில் நின்று சொன்னோம். அப்படிச் சொன்ன நாம், பல ஆண்டு உழைப்பைப் பார்த்து மதிப்பிடும் முறையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

டம்மி நம்பர் எதைக் காத்தது?

இனி, ஏன் தயங்குகிறோம் என்பது.

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்த அனுப்புகிறார்கள். சாதாரண அலுவலக ஏற்பாடாகத் தெரியும் இது, உண்மையில் ஒரு பாதுகாப்பு. திருத்துபவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்று தெரியாது. இன்டர்னல் மார்க்கில் அடிபட்ட எத்தனையோ பேர் செமஸ்டர் தேர்வில் தலை நிமிர்ந்ததற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். போர்ட்ஃபோலியோவில் அது இல்லை. பெயர், புகைப்படம், படித்த பள்ளி, 'என்னைப் பற்றி' என்று ஒரு பத்தி. எல்லாம் வெளிச்சத்தில்.

வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் எழுதிய தேர்வுத் தாள்களின் முகப்பில் வயது, பாலினம், சாதி விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த விடைக்கும் முகப்பில் இருந்த சாதிக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் கீழ்ச்சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. 2012-இல் வெளியான அந்த ஆய்வு, வேறுபாட்டின் அளவு சிறியது என்பதையும் சொல்கிறது. அது சொல்லும் இன்னொன்று நம்மைச் சுடுகிறது: அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் கீழ்ச்சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களே.

இதை மறைக்கத் தேவையில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் பெயரிட்டது இதைத்தான். சாதி ஒருவரின் பிறப்பில் மட்டும் இல்லை, எல்லோருடைய பார்வையிலும் உட்கார்ந்திருக்கிறது. எனவே நல்ல ஆசிரியர் வந்தால் சரியாகிவிடும், நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை போதாது. நடைமுறையே காப்பாற்ற வேண்டும்.

ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையே ஒடுக்கப்பட்ட மாணவர்களின் மதிப்பெண் தொடர்ந்து சரிவதாக மாணவர்கள் போராடினார்கள். அதை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, அந்த வேறுபாடு உண்மை என்று கண்டு, நேர்முகத் தேர்வுக்கான மதிப்பெண்ணை 30-லிருந்து 15 ஆகக் குறைக்கலாம் என்று 2016-இல் பரிந்துரைத்தது. முகம் பார்த்து மதிப்பிடும் எந்த முறையும் சாதி நுழையும் வழி. பெயரும் படமும் போட்ட போர்ட்ஃபோலியோ, திரையில் நடக்கும் நேர்முகத் தேர்வுதான்.

இரண்டு தொட்டிகளும் ஒரு ஸ்மார்ட் டஸ்ட்பினும்

சிவில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு மாணவி தன் ஊரின் குடிநீர்க் கட்டமைப்பை வரைபடமாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி. எது எப்போது கட்டப்பட்டது, எந்தக் குழாய் எந்தத் தெரு முனையில் நிற்கிறது, அழுத்தம் எங்கே விழுகிறது, ஒரே தொட்டியாக இருந்தால் செலவு எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுகிறார். இது நீரியல், மதிப்பீட்டியல், சமூகவியல் மூன்றும் சேர்ந்த முதல்தர வேலை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட பிறகு, இதைவிட அவசரமான பொறியியல் கேள்வி எது?

ஆனால் அவருக்கு என்ன பதில் கிடைக்கும்? "இதெல்லாம் எதுக்குமா? பேசாம ஸ்மார்ட் டஸ்ட்பின் பண்ணிடு" என்பதாகவே இருக்கும். எது படைப்பு, எது சர்ச்சை என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் போர்ட்ஃபோலியோவும் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பொறியும் உண்டு. முற்போக்கான ஆசிரியர்களே தலித் மாணவரைப் பார்த்ததும் "உங்க அனுபவத்தை எழுதுங்க" என்பார்கள். இவருக்குப் பறை, வறுமை, வன்கொடுமை. பக்கத்து இருக்கை மாணவருக்கு வானியல், ரோபோ, காதல். ஒடுக்கப்பட்ட மாணவர் தன் காயத்தைத் திறந்து காட்டினால்தான் அது 'அசலான' படைப்பு என்றால், அதுவும் தீண்டாமைதான். நிலவைப் பற்றி மட்டுமே எழுத ஒரு சேரி மாணவருக்கு முழு உரிமை உண்டு.

அந்த மாணவியின் வரைபடம் இணையத்தில் பொதுவில் கிடந்தால் ஊரில் அவருடைய குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதையும் யோசிக்க வேண்டும். பிளேஸ்மென்ட் வரும்போது ஹெச்.ஆர். அதைப் பார்த்து என்ன முடிவெடுப்பார் என்பதையும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில், உயர்சாதிப் பெயர் கொண்டவற்றைவிடத் தலித் பெயர் கொண்டவற்றுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதால், நம் பெயர்களின் வாலை வெட்டினோம். ஊர், தெரு, விடுதி, ஆய்வுத் தலைப்பு என்று போர்ட்ஃபோலியோ அந்த வாலைத் திரும்ப ஒட்டிவிடக் கூடாது.

யார் வீட்டில் கணினி இருக்கிறது?

தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்று 2017-18-இல் நடந்தது. அதன்படி இந்தியாவின் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடம்தான் கணினி இருந்தது. நகர்ப்புறத்தில் 23.4. அதன் பிறகு ஸ்மார்ட்போன் பரவியிருக்கிறது, உண்மைதான். ஆனால் உடைந்த திரையுள்ள போனில் கட்டுரை தட்டச்சு செய்பவரும், வீட்டு மேசையில் மடிக்கணினியும் கேமராவும் வைத்திருப்பவரும் ஒரே அளவுகோலால் 'நேர்த்தி'க்கு மதிப்பெண் பெற்றால், அளக்கப்படுவது படைப்பாற்றல் அல்ல, சொத்து.

தமிழ்நாடு அரசு 2011-இல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. இடையில் அது நின்றது. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. இதை 'இலவசம்' என்று கேலி செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கருவி எப்போதும் வீட்டிலேயே இருந்தது. ஆனால் கருவி கைக்கு வருவது தொடக்கம்தான். கடைசிப் பேருந்தைப் பிடிக்க நான்கு மணிக்கு ஓடும் மாணவருக்கும், மாலையில் வேலைக்குப் போகும் மாணவருக்கும் நேரம் எங்கே?

படிப்பவருக்கு நேரம் இல்லாதது போலவே, படித்துப் பார்க்க வேண்டியவருக்கும் இல்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, குறைந்த ஊதியத்தில் கௌரவ விரைவுரையாளர்கள் வகுப்புகளைத் தாங்குகிறார்கள். அறுபது பேரின் தொகுப்பை ஊன்றிப் படித்துக் கருத்து எழுத அவர்களுக்கு நேரம் தராமல், போர்ட்ஃபோலியோவை மட்டும் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும்? நாக் குழு வரும் வாரத்தில் இரவோடு இரவாக எல்லோரும் ஒரே டெம்ப்ளேட்டை நிரப்புவார்கள். கடைகளில் ரெடிமேட் புராஜெக்ட் விற்பது போல ரெடிமேட் போர்ட்ஃபோலியோவும் விற்கும். ரெக்கார்டு நோட்டுக்குப் புது அட்டை.

நாம் கேட்க வேண்டியவை

வழி இல்லாமல் இல்லை. 1980-களில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் எழுத்துத் திறன் தேர்வை எடுத்துவிட்டு, அந்தப் பருவம் முழுக்க மாணவர் எழுதித் திருத்திய கட்டுரைகளின் தொகுப்பை வைத்தார்கள். தேர்ச்சியா இல்லையா என்று சொன்னவர், அந்த மாணவரை அறியாத வேறோர் ஆசிரியர். சொந்த ஆசிரியர் நீதிபதி ஆகாமல் துணையாக நின்றார். அதே நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், குடியேறிய உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் திரளாகப் படிக்கும் லாகார்டியா சமூகக் கல்லூரி, 2000-களின் தொடக்கத்திலேயே இணையவழித் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. வசதி படைத்தவர்களின் கல்லூரிக்கு மட்டுமே உரிய ஏற்பாடு அல்ல இது.

எனவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, தொகுப்பு கல்லூரி நேரத்தில், கல்லூரிக் கருவிகளில் உருவாக வேண்டும். கால அட்டவணையில் அதற்கென வகுப்பு வேண்டும். வீட்டு வசதியைக் கோரும் எதற்கும் மதிப்பெண் கூடாது.

இரண்டு, முதல் மதிப்பீடு பெயரும் படமும் ஊரும் இல்லாமல், எண்ணை மட்டும் கொண்டு நடக்க வேண்டும். டம்மி நம்பரை விட்டுக்கொடுக்காதீர்கள். பாடம் நடத்தாத இருவர் படிக்க வேண்டும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். குறைத்தால் காரணம் எழுத வேண்டும், மேல்முறையீடு இருக்க வேண்டும். பொருளிலேயே அடையாளம் வெளிப்படும் ஆக்கங்களுக்கு இந்த மேல்முறையீடு இன்னும் முக்கியம்.

மூன்று, தமிழில் செய்ததற்கும் ஆங்கிலத்தில் செய்ததற்கும் ஒரே மதிப்பு. எழுத்தைப் போலவே குரல் பதிவுக்கும், கையால் செய்த பொருளின் படத்துக்கும் இடம்.

நான்கு, பளபளப்புக்கு அல்ல, வளர்ச்சிக்கு மதிப்பெண். முதல் வரைவு, அதில் வந்த சிக்கல், மாற்றிய விதம் ஆகியவைதான் மையமாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் அழகான கட்டுரை தரும் காலத்தில், மாணவர் தடுமாறிய தடமே அவருடைய சொந்தக் கையெழுத்து.

ஐந்து, தொகுப்பு மாணவரின் உடைமை. அவர் திறக்கும் வரை மூடியே இருக்க வேண்டும். அழிக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் நாக் குழுவுக்கோ நிறுவனங்களுக்கோ காட்டக் கூடாது. இதற்காகத் தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டத் தேவையில்லை. நியூசிலாந்தில் 2006-இல் தொடங்கிய மஹாரா என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. அந்நாட்டின் தொல்குடிகளான மாவோரி மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சிந்தனை' என்று பொருள். நம் பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

ஆறு, காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். படிக்க ஆள் இல்லாத இடத்தில் எழுதச் சொல்வது மாணவரின் உழைப்பைத் திருடுவது.

ஒன்றிய அரசு 2021-இல் கிரெடிட் மதிப்பெண்களைச் சேமிக்க ஒரு 'வங்கி'யே தொடங்கியது. மாணவர் பெற்ற எண்களைக் காக்க வங்கி கட்டத் தெரிந்த அரசுகளுக்கு, அவர் உருவாக்கியதைக் காக்கவும் இடம் கட்ட முடியும். கேட்டால்தான் நடக்கும்.

உங்கள் கல்லூரியில் போர்ட்ஃபோலியோ என்று சுற்றறிக்கை வந்தால், டெம்ப்ளேட்டை இறக்குவதற்கு முன் வகுப்பில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை யார் படிக்கப் போகிறார்? எதை வைத்து மதிப்பிடப் போகிறார்? இது யாருக்குச் சொந்தம்? பதில் எழுத்தில் வரும் வரை வாசகர் வட்டமாகவும் மாணவர் சங்கமாகவும் சேர்ந்து கேளுங்கள். சுற்றறிக்கைக்காகக் காத்திருக்காமல், நீங்கள் செய்ததை இப்போதே தேதியோடு சேர்த்து வையுங்கள்: பாதியில் நின்ற நிரல், ஆசிரியர் வேண்டாம் என்ற தலைப்பு, ஊரில் எடுத்த அளவீடு எல்லாவற்றையும். முக்தா சால்வேயின் கட்டுரை நம் கைக்கு வந்தது, அது எழுதப்பட்டதால் மட்டும் அல்ல, யாரோ அதை அச்சிட்டுப் பாதுகாத்ததாலும்தான்.